பால்டிமோர் பாலம் ஏன் விழுந்தது? மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய டாலி என்ற கன்டெய்னர் கப்பல், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சில நொடிகளில் ஆற்றுக்குள் விழுந்தது. மேலே சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர்.

மும்பையில் இந்தச் செய்தி வீட்டுச் செய்தியாகத்தான் வந்தது. சயான், ஆன்டாப் ஹில், செம்பூர், நேரூல் என்று நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் கப்பலுக்குப் போன பிள்ளையோ, போகக் காத்திருக்கும் பிள்ளையோ இருக்கிறான். நான் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக வேலை பார்த்தவன், இப்போது நவி மும்பையில் அதே வேலைக்குப் போகும் பசங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தப் பசங்களும் அவர்களின் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் விசாரணை முடிவைச் சொல்லிவிட்டதால், இப்போது ஊகம் இல்லாமல் பதில் எழுத முடிகிறது.

அன்றிரவு என்னதான் நடந்தது?

நள்ளிரவு 12.39 வாக்கில் கப்பல் ஜெட்டியை விட்டது. இரண்டு இழுவைப் படகுகள் அதைத் திருப்பி வாய்க்காலில் (கப்பல் போவதற்கான ஆழமான நீர்ப்பாதையில்) விட்டுவிட்டு வழக்கப்படி பிரிந்து போயின. துறைமுகத்திலிருந்து கப்பலை வழிநடத்தும் உள்ளூர் பைலட்டுகள் இருவர் மேல்தளத்தில் இருந்தார்கள். 1.25க்கு, பாலத்துக்கு மூன்று கப்பல் நீளம் தூரம் இருக்கும்போது, மொத்தக் கப்பலும் இருட்டானது. கரண்ட் ஒருமுறை வந்தது, மறுபடி போனது. பைலட் இழுவைப் படகுகளைக் கூப்பிட்டார், இடது நங்கூரத்தை இறக்கச் சொன்னார், பாலத்தை மூடச் சொல்லிக் கரைக்குத் தகவல் கொடுத்தார். 1.29க்கு மோதல். முதல் இருட்டிலிருந்து மோதல் வரை சுமார் 4 நிமிடம்தான்.

கரண்ட் போனால் என்ன? இன்ஜின் டீசலில்தானே ஓடுகிறது? பிரேக் இல்லையா?

இன்ஜின் எண்ணெயில்தான் ஓடுகிறது. ஆனால் அதைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பு, உராய்வைக் குறைக்கும் லூப் ஆயில் பம்பு எல்லாம் கரண்டில் ஓடுபவை. அவை நின்றால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். டாலியில் இன்ஜின் ஒன்று, புரொப்பெல்லரும் ஒன்று. புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கான் மேல் பாய்ந்தால்தான் கப்பல் சொன்ன பேச்சு கேட்கும். அது நின்றபின் எமர்ஜென்சி ஜெனரேட்டர் சுக்கானை அசைத்துக் கொடுத்தாலும் பலன் சொற்பம்.

கப்பலுக்குப் பிரேக் கிடையாது. நங்கூரம் போடலாம். ஆனால் 300 மீட்டர் நீளம், சரக்கோடு சேர்த்து 1 லட்சத்து 12 ஆயிரம் டன் எடை. அந்த எடையை அந்தத் தூரத்தில் ஒற்றை நங்கூரம் பிடித்து நிறுத்தாது. மோதும்போது வேகம் சுமார் ஆறரை நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். வேகம் குறைவுதான், தூணை முறித்தது எடை.

கரண்ட் ஏன் போனது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் தொழில் என்பதால் மட்டும் இல்லை. ஆறு பேர் சாவின் முதல் கண்ணி இங்கேதான் இருக்கிறது.

டாலியில் ஜெனரேட்டர்கள் தருவது 6,600 வோல்ட். அதை டிரான்ஸ்பார்மர் 440 வோல்ட்டாக இறக்கும். பம்பு, விளக்கு, ஸ்டீயரிங் எல்லாம் இந்த 440இல்தான். டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு பக்கமும் பிரேக்கர், அதாவது கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், உண்டு. அந்த பிரேக்கர் மூடியே (கரண்ட் ஓடும் நிலையிலேயே) இருக்க வேண்டுமானால் ஒரு கட்டுப்பாட்டு வயர் வழியாகச் சின்ன வோல்ட்டேஜ் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது அறுந்தால் பிரேக்கர் திறந்து கரண்டைத் துண்டித்துவிடும்.

அந்த வயர் போய்ச் சேரும் டெர்மினலில் ஸ்க்ரூ கிடையாது, ஸ்பிரிங்தான். சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதன் வாயைத் திறந்து, பின் லக் (ஊசி போன்ற உலோக முனை) அடித்த வயர் நுனியை உள்ளே விட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். எந்த வயர் எது என்று தெரிவதற்காக வயரின் கழுத்தில் எழுத்து அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் லேபிள் மாட்டுவோம். டாலியில் அந்த லேபிள் நுனிப்பக்கம் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்தது. டெர்மினல் வாயில் லேபிள் முட்டி நின்றது, உலோக நுனி முழு ஆழத்துக்குப் போகவில்லை. பார்த்தால் மாட்டியதுபோலவே இருக்கும். கப்பல் ஓடும், விளக்கெரியும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கப்பல் அதிர அதிர ஒருநாள் தொடர்பு விட்டுப்போகும். அது பாலத்துக்கு முன்னால் விட்டுப்போனது.

வகுப்பில் நான் இதைச் செய்து காட்டுவதுண்டு. லேபிளை ஒரு நகக்கண் அளவு முன்னால் தள்ளி மாட்டிய வயரையும் ஒழுங்காக மாட்டிய வயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணால் பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒன்று கையோடு வந்துவிடும். வெப்பக் கேமராவில் பார்த்தாலும் தளர்ந்த இணைப்பு காட்டிக்கொடுக்கும். அந்தப் பரிசோதனையையும் விசாரணை வாரியம் வலியுறுத்தியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வயர் உள்ள கப்பலில் எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க ஆளும் நேரமும் கொடுத்தால்தான் இது நடக்கும். கம்பெனிகள் ஆள் குறைக்கும்போது முதலில் அடிபடுவது இந்த மாதிரி வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு வயரால் இவ்வளவுமா?

முதல் இருட்டுக்கு வயர் காரணம். இரண்டாவது இருட்டுக்கு வேறு காரணம். ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் அனுப்ப, அதற்கென்று உள்ள பம்புக்குப் பதிலாகக் குழாய் அலசும் ஃப்ளஷிங் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சரியான பம்பாக இருந்தால் கரண்ட் திரும்பியதும் தானே ஓடத் தொடங்கும். ஃப்ளஷிங் பம்பை ஒருவர் போய்த்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கரண்ட் வந்தும் பம்பு சும்மா கிடந்தது. எரிபொருள் அழுத்தம் இறங்கி ஜெனரேட்டர்களும் நின்றன. இந்தப் பழக்கம் கப்பலில் நீண்ட நாளாக நடந்துவந்திருக்கிறது. கம்பெனியின் மேற்பார்வை இதைப் பிடித்திருக்க வேண்டும் என்று வாரியம் சொன்னது.

முந்தைய நாளே துறைமுகத்தில் கரண்ட் போனதாமே?

ஆமாம், இரண்டு முறை. முதலாவது, ஒருவர் ஜெனரேட்டரின் புகைபோக்கி டேம்பரை (புகை போகும் வழியின் மூடியை) தவறுதலாக மூடியதால். அவற்றின் காரணம் வேறு, மோதலுக்குமுன் நடந்ததன் காரணம் வேறு.

அப்படியானால் நம் பசங்கள் மேல் தப்பா?

பாலம் விழுந்த மறுநாளே இணையத்தில் ஒரு கார்ட்டூன் சுற்றியது. இந்திய மாலுமிகளைக் கோவணத்தோடு, கத்திக் கதறுகிறவர்களாக வரைந்திருந்தார்கள். நேரூலில் ஒரு தாய் அதைக் கைபேசியில் காட்டி, "தம்பி, எம்புள்ளையையும் இப்படித்தான் பார்ப்பாங்களா?" என்று கேட்டார். அந்தம்மாவுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

கட்டளை கொடுத்த பைலட்டுகளும் மேல்தளத்தில் நின்றவர்களும் அந்த 4 நிமிடத்தில் செய்யக்கூடியதைத் தாமதமில்லாமல் செய்தார்கள் என்பதுதான் விசாரணையின் முடிவு. பாலம் அவ்வளவு அருகில் இருந்ததால் யாராலும் கப்பலை மீட்டிருக்க முடியாது. அவர்கள் அனுப்பிய அபாயச் செய்தியால்தான் பாலத்தின் இரு முனையிலும் போலீசார் வண்டிகளை நிறுத்தினார்கள். அதனால் சாலையில் வந்த ஒரு காரோ பஸ்ஸோ ஆற்றில் விழவில்லை. வயரும் பம்பும் பராமரிப்பின் தப்பு, மேற்பார்வையின் தப்பு. அதில் கப்பலுக்கும் கம்பெனிக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தோல் நிறத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

வண்டிகளை நிறுத்த முடிந்தது. மேலே வேலை செய்தவர்களை ஏன் கீழே இறக்கவில்லை?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

பாலத்தில் அன்று 8 பேர் இருந்தார்கள். ஏழு பேர் பள்ளம் அடைப்பவர்கள், ஒருவர் மேற்பார்வைக்கு வந்த இன்ஸ்பெக்டர். இறந்த ஆறு பேரும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சிலர் இடைவேளையில் தங்கள் வண்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலிலிருந்து வந்த செய்தி பைலட் அலுவலகத்துக்குப் போனது, அங்கிருந்து போலீசுக்குப் போனது, போலீஸ் ரேடியோவில் ஒலித்தது, இரு முனையிலும் சாலை அடைபட்டது. பதிவான போலீஸ் உரையாடலிலேயே மேலே வேலையாட்கள் இருப்பது பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் அந்த ஆட்களின் காதுக்கு நேராகப் போகும் வழி எதுவும் இருக்கவில்லை. யாராவது வண்டியில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குள் பாலம் போய்விட்டது.

சாலையை மூடச் சொன்ன அதே நேரத்தில் தொழிலாளர்களுக்கும் சொல்லியிருந்தால், விழாத பகுதிக்கு வண்டியை ஓட்டிப் போக அவர்களுக்கு நேரம் இருந்திருக்கலாம் என்று வாரியம் சொல்லியிருக்கிறது. ஒன்றரை நிமிடம். ஒரு வாக்கிடாக்கி.

நம் ஊர் வாசகர்கள் இதை வேறு நாட்டுக் கதையாகப் படிக்க வேண்டாம். மழைக்காலத்தில் ராத்திரி ஒரு மணிக்கு ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் வந்து பாருங்கள். ஃப்ளைஓவர் மேல் இரண்டு கூம்பு வைத்து, ஒரு லாரியை நிறுத்தி, நாலைந்து பேர் கையால் தார்க்கலவை கொட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். சட்டை மேல் ஒளிரும் ஜாக்கெட் இருந்தால் உண்டு. பாலத்தின் கட்டுப்பாட்டு அறைக்கும் அவர்களுக்கும் நடுவில் ரேடியோ தொடர்பு இருக்கிறதா என்று கான்ட்ராக்டரிடம் கேட்கிற அதிகாரி வேண்டும். இந்த வேலையில் இருக்கும் சூப்பர்வைசர்கள் இதைப் படித்தால், அடுத்த ஷிப்டுக்கு முன் இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்.

ஒரு தூண் போனதற்கு அவ்வளவு நீளம் ஏன் விழுந்தது?

1977இல் திறந்த அந்தப் பாலம் தொடர் எஃகுச் சட்டகப் பாலம். நடுக்கண் (நடுவில் இரு தூண்களுக்கு இடையே உள்ள பகுதி) மட்டும் 366 மீட்டர். பாரத்தை ஒன்றோடொன்று கோத்துத் தாங்கும் அமைப்பு, ஒரு முக்கியத் தாங்கல் போனால் மாற்று வழி கிடையாது. கட்டிய காலத்துக்கு அது தப்பில்லை. ஆனால் 1980இல் புளூ நகோயா என்ற கப்பல் இதே பாலத்தில் மோதியிருக்கிறது. அது சிறிய கப்பல், பாலம் தாங்கியது. டாலி அதைப்போலப் பத்து மடங்கு. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போன அந்த நாற்பது வருடத்தில், பாலத்தின் ஆபத்தை யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் ஏற்கத்தக்க அளவைவிட ஏறத்தாழ 30 மடங்கு ஆபத்து என்று தெரிந்திருக்கும் என்பது வாரியத்தின் கணக்கு. தூணுக்கு முன்னால் இருந்த சிறு காப்புத் திட்டுகள் கப்பலைத் தடுக்கவில்லை. அமெரிக்காவில் 19 மாநிலங்களில் 68 பாலங்களை இதேபோலச் சோதிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் வாரியம் பட்டியல் கொடுத்தது.

இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா?

1975இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் தாஸ்மன் பாலத்தில் கப்பல் மோதி 12 பேர் இறந்தார்கள். 1980 மே மாதம் புளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் சம்மிட் வென்ச்சர் மோதியது. அங்கே வண்டிகளை நிறுத்த முடியவில்லை, ஒரு பஸ்ஸும் கார்களும் விழுந்து 35 பேர் போனார்கள். நம் பாம்பன் ரயில் பாலத்திலும் 2013 ஜனவரியில் ஒரு மிதவை மோதித் தூண் சேதமானது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அடல் சேதுவுக்கு இந்த ஆபத்து உண்டா?

சான்பாடா பக்கத்திலிருந்து தினமும் அதில் போகிறவர்கள் கேட்பது. 2024 ஜனவரி 12இல் திறந்த 21.8 கிலோமீட்டர் பாலம், அதில் 16.5 கிலோமீட்டர் கடல்மேல். நவா சேவா துறைமுகமும் மும்பை இந்திரா டாக்கும் பாலத்துக்குக் கடல் வாசல் பக்கம் இருக்கின்றன. ஆகவே டாலி அளவுள்ள கன்டெய்னர் கப்பல்கள் அதன் அடியில் போகவேண்டிய தேவையே இல்லை. கட்டமைப்பும் வேறு. கீ பாலம்போல ஒரே பெரிய சட்டகம் கிடையாது, பல கண்கள் கொண்டது, ஒரு கண் அதிகபட்சம் 180 மீட்டர்.

ஆனால் மும்பைத் துறைமுகத்தில் விபத்தே வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010 ஆகஸ்டில் எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியாவும் துறைமுக வாசலில் மோதிக்கொண்டன. கன்டெய்னர்கள் கடலில் மிதந்தன, எண்ணெய் கரைக்கு வந்தது, கப்பல் போக்குவரத்தே சில நாள் நின்றது. ஓடையிலும் கழிமுகத்திலும் மணல் மிதவைகளும் பார்ஜுகளும் ஓடும்வரை, சின்னப் பாலங்களின் தூண்களையும் கவனிக்க வேண்டும்.

கப்பலில் இருந்த பசங்கள் என்ன ஆனார்கள்?

இரும்புச் சட்டகம் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்க, மார்ச் 26 முதல் மே 20 வரை அந்த இடத்திலேயே கப்பல் சிக்கிக் கிடந்தது. மே 13இல் சட்டகத்தை வெடிவைத்துத் துண்டாக்கியபோதுகூட மாலுமிகள் உள்ளேதான் இருந்தார்கள். எஃப்.பி.ஐ. விசாரணையில் கைபேசிகளை வாங்கிக்கொண்டார்கள். மாற்று போன் கிடைத்தது, ஆனால் பேங்க் ஆப், நம்பர்கள், குழந்தை போட்டோ எல்லாம் பழைய போனில். வீட்டுக்குப் பணம் அனுப்பவே தடுமாறினார்கள். விசாவும் கரைக்குப் போக அனுமதியும் இல்லாமல் நகரத்தைப் பார்த்துக்கொண்டே கப்பலில் கிடந்தார்கள். அந்த ஊர் மாலுமிகள் நல மையமும் தேவாலயத் தொண்டர்களும் உணவும் சிம் கார்டும் கொடுத்தார்கள். சிலர் ஜூனில் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் விசாரணைக்காக நீண்ட நாள் அங்கேயே தங்க வேண்டியிருந்தது.

என் மகன் கப்பலில் இருக்கிறான். இப்படி ஏதாவது ஆனால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

அவன் கப்பல் ஏறுமுன் செய்ய வேண்டியதுதான் அதிகம். கான்ட்ராக்ட் நகல், சி.டி.சி. (மாலுமி அடையாளப் புத்தகம்) நகல், ஆள் எடுத்த ஏஜென்சியின் ஆர்.பி.எஸ்.எல். (ஆள் எடுக்கும் உரிமம்) எண், கப்பலின் ஐ.எம்.ஓ. (அடையாள) எண், கப்பலுக்குக் காப்பீடு தரும் பி அண்ட் ஐ கிளப்பின் பெயர் ஆகியவை வீட்டில் காகிதமாக இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கான கணக்கில் இன்னொருவர் பெயரும் சேர்ந்திருக்கட்டும், அவன் போன் இல்லாமலும் பணம் எடுக்க முடிய வேண்டும்.

2006ஆம் வருடக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றிருக்கிறது. சம்பளம், மருத்துவம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் கப்பல் உரிமையாளர் பொறுப்பு. விபத்து விசாரணையில் மாலுமியை நியாயமாக நடத்தவேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டுதலும் உண்டு. வக்கீல் கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயம் இல்லை. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று பையனிடம் சொல்லி அனுப்புங்கள். ஏதாவது நடந்தால் கம்பெனி, யூனியன், காஞ்சூர்மார்க்கில் உள்ள கப்பல் போக்குவரத்து தலைமை இயக்ககம், மூன்றுக்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள். கவுண்டரில் நின்று பேசிவிட்டு வந்தால் போதாது, மெயில் அனுப்பி நகலை வையுங்கள்.

கப்பலில் சரக்கு ஏற்றியிருந்தவர்களுக்கு?

மசூதி பந்தர் பக்கம் கிளியரிங் வேலை செய்யும் நண்பர்களுக்காக இது. டாலி உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவில், சேதமே ஆகாத சரக்குக்காரரும் தன் மதிப்புக்கேற்பப் பங்கு கட்ட வேண்டும், உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும். மரைன் இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சொந்தப் பணம்.

நஷ்டத்தை யார் கட்டுகிறார்கள்?

1851ஆம் வருடச் சட்டம் ஒன்றைக் காட்டி, தங்கள் பொறுப்பு சுமார் 4.37 கோடி டாலரோடு நிற்க வேண்டும் என்று உரிமையாளரும் நிர்வாகக் கம்பெனியும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆற்றைச் சுத்தம் செய்த செலவுக்காக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 2024 அக்டோபரில் சுமார் 10.2 கோடி டாலருக்குத் தீர்ந்தது. மாநில அரசு, இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்தவை தனி வழக்குகள். பாலத்தின் காப்பீட்டாளர் மாநிலத்துக்கு 35 கோடி டாலர் கொடுத்தார்.

துறைமுகமும் பாலமும் இப்போது எப்படி?

சுமார் 50,000 டன் இடிபாட்டை அள்ளி, 2024 ஜூன் 10இல் முழு ஆழ வாய்க்காலையும் திறந்துவிட்டார்கள். புதுப் பாலம் கேபிள் தாங்கும் வகை, தூண்களுக்குப் பெரிய காப்புத் திட்டுகளோடு. 2028இல் முடியும், 170 முதல் 190 கோடி டாலர் ஆகும் என்று முதலில் சொன்னார்கள். 2025 நவம்பரில் அதை 2030 இறுதி, 430 முதல் 520 கோடி டாலர் என்று மாற்றியிருக்கிறார்கள்.